அல்வாவை எந்தக் கட்டத்தில் எழுதுவது? வினாத்தாள் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை அறிவியல் வினாத்தாளும் விடைக்குறிப்பும் தயாரிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம்.

ஒரே ஒரு வேண்டுகோளுக்காக இந்த மடலை எழுதுகிறேன். “பின்வருவனவற்றை இயற்பியல் மாற்றம், வேதியியல் மாற்றம் என வகைப்படுத்துக” என்று இரண்டு கட்டம் போட்டு, பத்துப் பெயர்களைக் கொடுத்து நிரப்பச் சொல்கிறீர்களே, அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். விட மனமில்லை என்றால் “எப்படித் தெரியும்?” என்று மூன்றாவதாக ஒரு கட்டத்தைப் பக்கத்தில் சேருங்கள். மதிப்பெண்ணில் பெரும்பங்கை அதற்குக் கொடுங்கள்.

நான் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர். பாளையங்கோட்டையில் இருக்கிறேன். சாயங்காலம் தெருப் பிள்ளைகள் சிலர் பாடம் கேட்க வருவார்கள். திருத்தி வந்த விடைத்தாளையும் கொண்டுவந்து காட்டுவார்கள். அப்படி ஒரு பிள்ளை காட்டிய தாளில் “சிமெண்ட் பூச்சு இறுகுதல்” என்பதை வேதியியல் மாற்றம் என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் அடித்திருந்தது. விடைக்குறிப்பில் இயற்பியல் மாற்றம் என்று இருக்கிறதாம்; ஈரமாக இருந்தது காய்ந்தது, அவ்வளவுதானாம். எந்தப் பள்ளி, எந்த ஆண்டு என்பதெல்லாம் இங்கே தேவையில்லை. அந்தப் பிள்ளை சொன்ன காரணம்தான் தேவை. “தாத்தா, கொத்தனார் மாமா பூசி முடிச்ச பெறவு தெனமும் காலையிலயும் சாயந்திரமும் தண்ணி ஊத்துதாவ. காயணும்னா தண்ணி எதுக்கு ஊத்தணும்?”

இதைவிட நல்ல வேதியியல் விடையை நான் பள்ளியில் அதிகம் கேட்டதில்லை. சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு சேர்ந்து இறுகுகிறது. சிமெண்டில் இருக்கும் கால்சியம் சிலிகேட்டுகள் தண்ணீரைத் தம்மோடு பிணைத்துக்கொண்டு வேறு பொருளாகின்றன. அதனால்தான் தண்ணீர் விடாத பூச்சு வெடிக்கிறது, ஆற்றுக்குள் நிற்கும் பாலத்தூண் தண்ணீருக்குள்ளேயே இறுகுகிறது, மழைக்காலத்தில் ஈரம் இறங்கிய சிமெண்ட் மூட்டை கல்லாகிப் போகிறது. 1949 முதல் சிமெண்ட் ஆலை ஓடும் தாழையூத்து நம் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த ஊருக்கு இத்தனை அருகில் இருந்துகொண்டு நாம் சிமெண்டைக் காய வைக்கிறோம் என்பதுதான் எனக்கு வருத்தம்.

அந்தத் தாளைத் திருத்தியவரை நான் குறை சொல்லவில்லை. அவர் கையில் இருந்தது நீங்கள் கொடுத்த விடைக்குறிப்பு. விடைக்குறிப்புக்குப் பின்னால் இருப்பது, தலைமுறை தலைமுறையாக நாம் கரும்பலகையில் எழுதிப்போட்ட ஒரு வாய்பாடு: இயற்பியல் மாற்றம் தற்காலிகமானது, மீளக்கூடியது, வேதியியல் மாற்றம் நிரந்தரமானது, மீளாதது. மனப்பாடம் செய்யச் சுலபம். ஆனால் தவறு.

தவறு என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். காகிதத்தைக் கிழித்தால் பழையபடி ஆகுமா? தேங்காயை உடைத்தால் ஒட்டுமா? நெல்லைக் குத்தி அரிசியாக்கி, அரிசியைத் திரித்து மாவாக்கிய பிறகு அந்த மாவை நெல்லாக்க முடியுமா? எதுவும் மீளாது. ஆனாலும் எல்லாம் இயற்பியல் மாற்றம்தான். வாய்பாட்டை நம்பி இவற்றை வேதியியல் கட்டத்தில் எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண் போகிறது. வாய்பாட்டை விட்டுவிட்டு “டீச்சர் இதை இயற்பியல்னு சொன்னாங்க” என்று தனியாக நினைவில் வைத்திருக்கும் பிள்ளைக்கு மதிப்பெண் கிடைக்கிறது. ஆக நாம் சோதிப்பது நினைவை.

மறுபக்கம் பாருங்கள். வீட்டில் கரண்ட் போனால் ஓடுகிற இன்வெர்ட்டர் பேட்டரிக்குள் காரீயமும் காரீய டை ஆக்சைடும் கந்தக அமிலத்தோடு சேர்ந்து காரீய சல்பேட்டாக மாறுகின்றன. கரண்ட் வந்து சார்ஜ் ஏறும்போது சல்பேட் மறுபடியும் காரீயமும் டை ஆக்சைடுமாகப் பிரிகிறது. சந்தேகமே இல்லாத வேதியியல் மாற்றம். போய்ப் போய் மீள்கிறது. உரக்கடையில் போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லிக்கு விற்கும் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) எடுத்துச் சூடாக்குங்கள். நீலம் போய் வெளுத்த தூளாகும். ஆறிய பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நீலம் திரும்பிவிடும். இதுவும் மீள்கிறது.

சுண்ணாம்பை எடுத்தால் இன்னும் நன்றாக இருக்கும், ஏனென்றால் அது நம் ஊர்ச் சரக்கு. சுண்ணாம்புக் கல்லைக் காளவாசலில் ஏறக்குறைய 900 டிகிரிக்குச் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். 100 கிலோ சுத்தமான கல்லுக்கு 56 கிலோ சுண்ணாம்பு, 44 கிலோ வாயு. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டால் கொதித்துப் பொங்கி நீற்றுச் சுண்ணாம்பாகும். அதைக் கரைத்துச் சுவரில் அடித்தால், காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை மெல்ல இழுத்துக்கொண்டு பழையபடி சுண்ணாம்புக் கல்லின் பொருளாகவே மாறி இறுகுகிறது. மூன்று வேதியியல் மாற்றங்களைக் கடந்து தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுகிறது. பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர் ஒவ்வொன்றும் நம் வாய்பாட்டுக்கு எதிரான சாட்சி. (ஒரு எச்சரிக்கை: சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டுக் காட்டும் சோதனையைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். தெறித்தால் கண் போய்விடும். நீங்களே எட்ட நின்று செய்து காட்டுங்கள்.)

வேதியியல் மாற்றம் ஒரே திசையில்தான் போகும் என்று நினைத்ததில் நாம் மட்டும் தனியாக இல்லை. ஒரு காலத்தில் பெரிய வேதியியலாளர்களே அப்படித்தான் நம்பினார்கள். 1798இல் நெப்போலியனோடு எகிப்துக்குப் போன பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தோலே, அங்கே உப்பேரிகளின் கரையில் சோடியம் கார்பனேட் படிந்திருப்பதைப் பார்த்தார். சோதனைச்சாலையில் சோடியம் கார்பனேட்டையும் கால்சியம் குளோரைடையும் கலந்தால் சுண்ணாம்புக் கல்லின் பொருளான கால்சியம் கார்பனேட்டும் உப்பும் வரும் என்பது அவருக்குத் தெரியும். ஏரிக்கரையிலோ உப்பும் சுண்ணாம்புக் கல்லும் கிடந்து, சோடியம் கார்பனேட் உண்டாகியிருந்தது. அதே வினை, தலைகீழாக. உப்பு ஏராளமாகக் குவிந்து கிடந்ததால் வினை எதிர்த்திசையில் போயிருக்கிறது என்று அவர் புரிந்துகொண்டு, 1803இல் நூலாகவே எழுதினார். உப்பும் சுண்ணாம்புக் கல்லும்! இரண்டையும் நம் மாவட்டங்களில் வைத்துக்கொண்டு, இருநூறு ஆண்டுக்கு முன்பே அவர் மறுத்த கருத்தை நாம் இன்னும் வினாத்தாளில் அச்சடிக்கிறோம்.

அப்படியானால் பிள்ளைகளிடம் எதைக் கேட்பது? மாற்றத்துக்கு முன்னால் என்ன பொருள் இருந்தது, பின்னால் என்ன பொருள் இருக்கிறது, இரண்டும் ஒன்றுதானா, அதை எப்படிக் கண்டுபிடித்தாய். இவ்வளவுதான். மீளுமா மீளாதா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை கையில் உள்ள கருவியையும் செலவையும் பொறுத்தது.

வாய்பாடு போனால் அறிகுறிப் பட்டியல் வந்து நிற்கும்: நிறம் மாறினால், வாயு வந்தால், சூடு வந்தால், வீழ்படிவு வந்தால் வேதியியல் மாற்றம். இது கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் இதையும் சட்டமாக்கிவிடாதீர்கள். கொதிக்கும் தண்ணீரில் குமிழி வருகிறது. அது நீராவி, அதே தண்ணீர். பத்தமடையில் பாய்க்குக் கோரையைச் சாயத்தில் முக்கினால் நிறம் மாறுகிறது. கோரை வேறு பொருளாகவில்லை, சாயத்தை ஏற்றுக்கொண்டது. அறிகுறி என்றால் “போய்ப் பார்” என்று கூப்பிடுகிற குரல். போய்ப் பார்த்த பிறகுதான் தீர்ப்பை எழுத வேண்டும்.

எப்படிப் பார்ப்பது என்பதற்குக் கற்பூரம் போதும். டப்பாவில் மூடி சரியாகப் போடாமல் வைத்த கற்பூரம் நாளாக நாளாகச் சிறுத்துப்போகும். நெல்லையப்பர் கோவிலில் தட்டில் ஏற்றிய கற்பூரமும் சிறுத்துக் காணாமல் போகும். இரண்டும் ஒரே மாற்றமா? பிள்ளைகளிடம் கேட்டால் பாதிப் பேர் ஆமாம் என்பார்கள். இரண்டிலும் கற்பூரம் “போய்விட்டது”. இப்போது ஒரு சிட்டிகைக் கற்பூரத்தைத் தீப்பிடிக்காமல் இலேசாகச் சூடுகாட்டி, மேலே குளிர்ந்த கண்ணாடித் தட்டைப் பிடியுங்கள். வெள்ளைத் தூளாகக் கற்பூரம் தட்டில் வந்து ஒட்டும், அதே வாசனையோடு. அடுத்து எரியும் கற்பூரத்துக்கு மேலே தட்டைப் பிடியுங்கள். கரி ஒட்டும். முதலாவதில் கற்பூரம் இடம் மாறியது. இரண்டாவதில் கற்பூரம் இல்லாமலே ஆகி, கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் கரியுமாகப் போனது. இந்த ஒரு சோதனைக்குப் பிறகு பதங்கமாதல், எரிதல் இரண்டையும் எந்தப் பிள்ளையும் குழப்பிக்கொள்ளாது. ஐந்து ரூபாய்ச் செலவுகூட இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இனி அல்வா. திருநெல்வேலிக்காரர்கள் எழுதும் எல்லாவற்றிலும் அல்வா வந்துவிடுகிறதே என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. ஆனால் இந்தப் பாடத்துக்கு இதைவிட முழுமையான எடுத்துக்காட்டு வேறு எந்த ஊரிலும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுக்கிறார்கள். அரைப்பது இயற்பியல் மாற்றம். சக்கையைத் துணியில் வடிகட்டுவது பிரித்தல். எடுத்த பாலை அசையாமல் வைத்தால் மாவுச்சத்து அடியில் படிந்து மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும், அதை இறுத்துவிடுகிறார்கள். பாடப்புத்தகத்தின் பிரித்தெடுத்தல் பாடத்தில் பாதி இங்கேயே முடிந்துவிட்டது. இராத்திரி முழுக்க வைத்த பால் இலேசாகப் புளிக்கிறது. அங்கே நுண்ணுயிர்கள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன, அது வேதியியல்.

பாலை அடுப்பில் ஏற்றிக் கிண்டத் தொடங்கினால், 60 டிகிரியை ஒட்டி மாவுச்சத்தின் மணிகள் தண்ணீரைக் குடித்து ஊதி வெடிக்கின்றன. வெள்ளைத் தண்ணீராக இருந்தது திடீரென்று கெட்டிக் கூழாகிறது. இது எந்தக் கட்டத்தில் வரும்? எத்தனை ஆற வைத்தாலும் பழைய பாலாக மாறாது, ஆகவே மீளாதது. வாய்பாட்டின்படி வேதியியல். ஆனால் மாவுச்சத்து மாவுச்சத்தாகவே இருக்கிறது. குளுக்கோஸ் சங்கிலியில் ஒரு கண்ணிகூட அறவில்லை. சங்கிலிகளுக்கு நடுவே இருந்த மென்மையான ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்ந்து, அந்த இடத்தில் தண்ணீர் நுழைந்திருக்கிறது. பல வேதியியலாளர்கள் இதை இயற்பியல் மாற்றம் என்பார்கள். சிலர் ஹைட்ரஜன் பிணைப்பும் பிணைப்புதானே என்று வாதாடுவார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளை இந்த வாதத்தைக் கேட்டால் கெட்டுப்போகாது. வேதியியல் உயிரோடு இருக்கிற பாடம் என்றாவது அதற்குத் தெரியும்.

சர்க்கரை இதற்கு நேர்மாறு, அதில் வாதமே இல்லை. சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துப் பாகு வைக்கும் வரை இயற்பியல். தண்ணீர் வற்றினால் சர்க்கரை திரும்பக் கிடைக்கும். வெறும் சர்க்கரையை வாணலியில் போட்டு 160 டிகிரிக்கு மேலே கொண்டுபோனால் தேன் நிறமாகி, பழுப்பாகி, வேறு மணம் வரும். தண்ணீர் மூலக்கூறுகள் கழன்று, புதிது புதிதாக எத்தனையோ சேர்மங்கள் உண்டாகின்றன. அல்வாவின் நிறத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. கடைசியில் கிண்டிக் கிண்டி நெய் ஓரத்தில் பிரிந்து வரும்போது இறக்குகிறார்கள். நெய் பிரிவது மறுபடியும் இயற்பியல். அதே நெய், இடம் கொள்ளாமல் வெளியே வருகிறது.

ஒரே சட்டிக்குள் அரைத்தல், வடிகட்டல், படிதல், இறுத்தல், புளித்தல், கூழாதல், கரைதல், கருகல், பிரிதல். இதற்கு “அல்வா செய்தல்: வேதியியல் மாற்றம்” என்று ஒரு சொல்லில் விடைக்குறிப்பு எழுதினால் அது பொய் இல்லை, ஆனால் பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டியது எல்லாம் அதற்கு வெளியே நின்றுவிடுகிறது.

பதநீரும் இப்படித்தான். உடன்குடிப் பக்கம் பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் பலருக்கு வீட்டிலேயே தெரியும். கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் இறக்கும்போதே நுரைத்துக் கள்ளாகிவிடும். ஈஸ்ட்டுகள் சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றிவிடுகின்றன. சுண்ணாம்பு காரத்தன்மையைக் கூட்டி அவற்றை முடக்கிவைக்கிறது. அதாவது சுண்ணாம்பு தடவுவதே ஒரு வேதியியல் மாற்றத்தைத் தடுக்கத்தான். பிறகு விடிலியில் (காய்ச்சும் குடிசையில்) தாச்சி என்ற பெரிய சட்டியில் ஊற்றிக் காய்ச்சும்போது தண்ணீர் ஆவியாவது இயற்பியல், நிறம் கறுப்பது வேதியியல், சிரட்டையில் ஊற்றி இறுகுவது இயற்பியல். அதே பதநீர்ப் பாகை நூல் தொங்கவிட்டு வாரக்கணக்கில் அசையாமல் வைத்தால் பனங்கற்கண்டு. அது சுத்தமான படிகமாதல். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் வினாத்தாளில் அதற்கு ஒரு வரிகூட இன்னும் கிடைக்கவில்லை. கேள்வியில் வருவது மெழுகுவர்த்தி, பனிக்கட்டி, இரும்பு ஆணி.

பருப்பொருளை வகைப்படுத்துவதிலும் இதே கோளாறுதான். தனிமம், சேர்மம், கலவை என்று மூன்று கட்டம். கீழே பெயர்ப் பட்டியல். தங்கம் தனிமம் என்று எழுதினால் சரி. பிள்ளையின் கழுத்தில் கிடக்கும் சங்கிலி? 916 என்று முத்திரை குத்தியிருக்கிறதே, 1000 பங்கில் 916 பங்குதான் தங்கம் என்று பொருள். மிச்சம் செம்பும் வெள்ளியும். அது கலவை, அதுவும் ஒருபடித்தான கலவை. உப்பு சேர்மம் என்று எழுதினால் சரி. அயோடின் உப்புப் பாக்கெட்டில் இருப்பது? சோடியம் குளோரைடோடு பொட்டாசியம் அயோடேட்டும் சேர்ந்திருக்கிறது. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் போட்டிருக்கும்.

காற்றுக்கு நிறை உண்டு என்று நிரூபிக்கப் பலூனும் தராசும் தேடுகிறோம். கயத்தாறுப் பிள்ளைகளிடம் காற்றாலை இறக்கையைத் தள்ளுவது எது என்று கேட்டாலே போதும். இது சின்ன விஷயம்; விட்டுவிடுகிறேன்.

தேரிக்காட்டுப் பக்கம் வாருங்கள். சாத்தான்குளத்துக்கும் திருச்செந்தூருக்கும் இடையே மைல் கணக்கில் சிவந்த மணல். மணல் வெள்ளையாக இருக்க வேண்டிய குவார்ட்ஸ்தான். ஒவ்வொரு மணியின் மேலும் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. கலவைக்குள் சேர்மம், சேர்மத்துக்குள் தனிமம். கடற்கரைக்குப் போய்க் கறுப்பு மணலில் காந்தத்தை இழுத்தால் கறுப்பு மணிகள் ஒட்டிக்கொண்டு வரும். பிள்ளைகள் அதை “இரும்புத் தூள்” என்பார்கள், நாமும் தலையாட்டிவிடுகிறோம். இரும்பாக இருந்தால் உப்புக் காற்றில் அது எப்போதோ துருவாகியிருக்கும். அது மாக்னடைட், இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த சேர்மம். காந்தம் இழுப்பதெல்லாம் இரும்பு என்று எழுதிவைத்த பிள்ளைக்கு இதைச் சொன்னால் அன்று இராத்திரி தூக்கம் வராது. வரக்கூடாது.

தூத்துக்குடி உப்பளத்தில் இன்னும் நுட்பமான பாடம் கிடைக்கிறது. ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள். உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் பாத்திக்குப் பாத்தி டிகிரி பார்க்கிறார்கள் (இது சூட்டின் அளவு இல்லை, உப்பு எவ்வளவு செறிந்திருக்கிறது என்பதன் அளவு). கருவியில் 3 டிகிரியை ஒட்டிக் காட்டும் கடல் நீர் வெயிலில் வற்ற வற்ற ஏறிக்கொண்டே போகும். முதலில் கொஞ்சம் சுண்ணாம்புச் சத்து படியும், அப்புறம் ஜிப்சம், 25 டிகிரியை ஒட்டித்தான் நாம் சாப்பிடும் உப்பு. 29, 30 டிகிரிக்கு மேல் மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிடுவார்கள். அதில் மக்னீசியம் அதிகம், விட்டால் உப்பு கசக்கும், ஈரம் இழுக்கும். வெயிலைத் தவிர வேறு அடுப்பில்லை, ஆனாலும் ஒவ்வொரு பொருளும் அதனதன் முறை வரும்போது பிரிகிறது.

இதை ஒரு கேள்வியாக மாற்றினால்: கடல் நீருக்குள் சோடியம் குளோரைடு இருக்கிறதா? இருக்கிறது என்று பட்டென்று சொல்லிவிடுவோம். உண்மையில் அங்கே நீந்துவது சோடியம் அயனி தனியாக, குளோரைடு அயனி தனியாக, மக்னீசியம், சல்பேட், எல்லாம் தனித்தனியாக. எது எதோடு சேர்ந்து படிகமாகும் என்பது எவ்வளவு வற்றியது, எவ்வளவு சூடு என்பதைப் பொறுத்தது. அப்படியானால் உப்பு கரைவது வெறும் இயற்பியல் மாற்றம்தானா? அயனிப் பிணைப்பு அறுகிறதே. வழக்கமாக இயற்பியல் கட்டத்தில்தான் வைக்கிறோம், காரணம் தண்ணீரை வற்றவைத்தால் அதே உப்பு கிடைக்கிறது. நானும் ஏழாம் வகுப்பில் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பேன். ஆனால் கேட்கிற பிள்ளையை “அதெல்லாம் பாடத்தில் இல்லை” என்று உட்கார வைக்காதீர்கள். கலவைக்கும் சேர்மத்துக்கும் எல்லை எங்கே என்று பெர்த்தோலேயும் இன்னொரு பிரெஞ்சு வேதியியலாளரான புரூஸ்ட்டும் 1800க்குப் பிந்தைய சில ஆண்டுகள் மாறி மாறி எழுதிச் சண்டை போட்டிருக்கிறார்கள். சேர்மத்தில் தனிமங்கள் மாறாத விகிதத்தில்தான் இருக்கும் என்ற புரூஸ்ட்டின் கட்சி வென்றது. அந்த வெற்றிதான் நம் பாடப்புத்தகத்தில் ஒரு வரி வரையறையாகக் கிடக்கிறது.

சுற்றுலா என்று பிள்ளைகளை எங்கெங்கோ கூட்டிப்போகிறீர்கள். ஆதிச்சநல்லூருக்கு ஒருமுறை வேதியியல் கண்ணோடு கூட்டிப்போங்கள். 1876இல் ஜெர்மானியரான ஜாகோர் தோண்டினார், பிறகு அலெக்சாண்டர் ரீ தோண்டினார். தாழிகளோடு இரும்பு ஆயுதங்கள், வெண்கலப் பொருள்கள், தங்க நெற்றிப்பட்டம் எல்லாம் கிடைத்தன. ஒரே மண், ஒரே ஈரம், ஒரே காலம். இரும்பு துருவேறிச் சிதைந்தது. செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலம் பச்சைப் பூச்சு பூத்துத் தாங்கியது. தங்கம் தங்கமாகவே வந்தது. தாழி? களிமண் காய்ந்தால் தண்ணீரில் மறுபடியும் கரையும். சூளையில் சுட்டுவிட்டால் கரையாது, ஏனென்றால் களிமண் கனிமத்தோடு பிணைந்திருந்த நீரே வெளியேறி அது வேறு பொருளாகிவிடுகிறது. காருகுறிச்சியில் இன்றைக்கும் ஒரு பச்சைப் பானையையும் ஒரு சுட்ட பானையையும் வாங்கி வகுப்பில் வாளித் தண்ணீரில் போட்டுக் காட்டலாம்.

உங்கள் பக்கத்துச் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு வகுப்பில் அறுபது பிள்ளைகள், திருத்தக் கிடைப்பது இரண்டு நாள், நடுவில் ஆன்லைனில் பதிவேற்ற வேண்டிய ஆயிரம் படிவங்கள். இரண்டு கட்டக் கேள்வியைத் திருத்த அரை நிமிடம் போதும். “ஏன்” என்று கேட்டால் ஒவ்வொரு விடையையும் படித்தாக வேண்டும். எல்லாக் கேள்வியையும் மாற்றச் சொல்லவில்லை. ஒரு பருவத்துக்கு ஒன்று. அதுவும் பிள்ளை தன் ஊரில் கண்ணால் பார்த்த ஒரு காரியமாக இருக்கட்டும். கடற்கரைப் பள்ளிக்கு உப்பு, தேரிப் பள்ளிக்குப் பதநீர், டவுன் பள்ளிக்கு அல்வா என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதச் சொன்னாலும் சரி.

விடைக்குறிப்பில் சந்தேகத்துக்கு இடமான பொருள்களை ஒருசொல் விடைக்குக் கொடுப்பதை நிறுத்துங்கள். உப்பு கரைதல், மாவு கூழாதல், சோடா பாட்டிலைத் திறத்தல் இவற்றைக் காரணத்தோடுதான் கேட்க வேண்டும். சோடாவில்கூடக் கரைந்திருக்கும் வாயுவில் ஒரு சிறு பங்கு கார்போனிக் அமிலமாக இருந்துதான் திரும்பிப் பிரிகிறது. “இரண்டும் நடக்கிறது” என்ற விடையை ஏற்றுக்கொள்ளுங்கள். “இதை முடிவு செய்ய இன்னும் இன்னது தெரிய வேண்டும்” என்று எழுதுகிற பிள்ளைக்கு மதிப்பெண் கொடுக்கத் தயங்காதீர்கள். மீள், மீளா என்ற சொற்களை இந்தப் பாடத்திலிருந்து முழுக்க எடுத்துவிடச் சொல்வது என் கட்சி. அது உங்கள் கையில் மட்டும் இல்லை, பாடநூல் எழுதுவோர் கையிலும் இருக்கிறது. வினாத்தாள் உங்கள் கையில்தான் இருக்கிறது.

மாதிரிக்கு ஒன்று தருகிறேன். விருப்பமிருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றிக்கொள்ளுங்கள்.

“ஒருவர் கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் பதநீர் இறக்கினார். இன்னொருவர் தடவாமல் இறக்கினார். முதல் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கினார்கள். இரண்டாவது நுரைத்துப்போனது. இதில் எந்தெந்த இடத்தில் புதிய பொருள் உண்டானது, எந்தெந்த இடத்தில் உண்டாகவில்லை? ஏதேனும் ஒன்றை நிரூபிக்க வகுப்பறையில் என்ன செய்து பார்ப்பாய்?”

ஐந்து மதிப்பெண். புதிய பொருள் உண்டான இடங்களைச் சரியாகச் சொன்னால் ஒன்று, காரணத்துக்கு இரண்டு, சோதனைக்கு இரண்டு. சோதனை புத்தகத்தில் உள்ளதாக இருக்க வேண்டியதில்லை. செய்யக்கூடியதாக இருந்தால் போதும். காரணமே இல்லாமல் “வேதியியல் மாற்றம்” என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த ஒரு மதிப்பெண்ணோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
பாளையங்கோட்டை.